பாதியில் நின்ற 'முடிவில்லாக் கதை'

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சிறுவயதில் விரும்பிப் பார்த்த 'தி நெவரெண்டிங் ஸ்டோரி' திரைப்படத்தை, மூல நாவலைப் படித்து முடித்த பிறகு எப்படி மதிப்பிடுவது என்பது ஒன்று. நாவலாசிரியர் மிகாயேல் எண்டே அந்தப் படத்தின் மீது காட்டிய கடுங்கோபம் நியாயமானதா, அல்லது தன் எழுத்தைப் பிறர் தொடுவதைப் பொறுக்காத ஓர் எழுத்தாளரின் மனத்தாங்கல்தானா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை கண்டால் முதலாவதும் தெளிந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கோபம் நியாயமானது என்பதே என் கருத்து. படம் நாவலின் பாதியை விட்டுவிட்டது என்பதையே பலரும் காரணமாகச் சொல்வார்கள். அது எனக்குப் பெரிய குற்றமாகத் தோன்றவில்லை. எடுத்துக்கொண்ட பாதிக்கு இயக்குநர் வைத்த முடிவு, விட்டுவிட்ட பாதி சொல்லவந்ததற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாவல் 1979இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. புத்தகக் கடையிலிருந்து ஒரு நூலைத் திருடிக்கொண்டு பள்ளியின் மாடியறையில் ஒளிந்து படிக்கும் பாஸ்டியனின் உலகம் ஒரு நிற மையிலும், அவன் படிக்கும் ஃபன்டாசியா என்ற கற்பனை நாட்டின் கதை வேறொரு நிற மையிலும் அச்சிடப்பட்டன. அந்த நாட்டை 'இன்மை' என்ற வெறுமை விழுங்கிக்கொண்டிருக்கிறது. நோயுற்ற அதன் குழந்தைப் பேரரசிக்கு மனிதர் ஒருவர் புதுப் பெயர் சூட்டினால்தான் நாடு பிழைக்கும்; அந்தத் தீர்வைத் தேடிப் பயணம் போகிறவன் அத்ரேயு என்ற சிறுவன். மொத்தம் 26 அத்தியாயங்கள். ஜெர்மன் அரிச்சுவடியின் ஒவ்வோர் எழுத்திலும் வரிசையாக ஓர் அத்தியாயம் தொடங்கும். படம் 1984இல் வந்தது. நீர்மூழ்கிக் கப்பல் கதையான 'தாஸ் போட்' படத்தால் 1981இல் பெயர் பெற்றிருந்த வொல்ஃப்காங் பீட்டர்சன் அதை இயக்கினார்; மியூனிக் நகரின் பவாரியா ஸ்டுடியோவில் பெரும் பொருட்செலவில் படமாக்கினார்கள். தொடக்கத்தில் எண்டேயும் திரைக்கதையில் பங்கு கொண்டிருந்தார். பின்னர் அது தனக்குத் தெரியாமலேயே மாற்றப்பட்டது என்று குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுத்தார், தோற்றார். தொடக்கப் பெயர்ப்பட்டியலில் தன் பெயர் வரக்கூடாது என்று அவர் கேட்டது மட்டும் நடந்தது. மலிவான உணர்ச்சி, வணிகம், பஞ்சு பொம்மை, பிளாஸ்டிக் ஆகியவற்றால் ஆன பிரம்மாண்டமான மெலோடிராமா என்ற பொருள்பட அவர் அந்தப் படத்தைச் சாடியது பரவலாக அறியப்பட்டது.

நாவலைப் படித்தவர்கள் வழக்கமாக அடுக்கும் குறைகள் பல எனக்கு முக்கியமாகப் படவில்லை. நாவலில் அத்ரேயுவின் தோல் பசுமை கலந்த நிறம், படத்தில் அப்படி இல்லை; நாவலின் நல்லூழ் நாகம் முத்துச்சிப்பி நிறச் செதில்களும் சிங்கத்தைப் போன்ற தலையும் கொண்டது, படத்தின் ஃபால்கோருக்கோ நாயின் சாயல். இவையெல்லாம் ஒப்பனைக் கூடத்திலும் பட்டறையிலும் தீர்மானிக்கப்படுபவை. பார்வையாளர் பத்து நிமிடத்தில் பழகிக்கொள்வார். ஆனால் இந்த வகையிலேயே சேர்த்துப் பேசப்படும் ஒரு மாற்றம் மட்டும் வேறு வகையைச் சேர்ந்தது. நாவலின் பாஸ்டியன் பருமனானவன், வெளிறிய முகத்தவன், விளையாட்டில் தோற்பவன், தன் உடலைக் குறித்துக் கூச்சப்படுபவன். படத்தின் பாஸ்டியனோ எந்தத் தாயும் வாரியணைக்க விரும்பும் அழகிய சிறுவன். நாவலின் பிற்பகுதியில் ஃபன்டாசியாவுக்குள் நுழையும் பாஸ்டியன் முதலில் விரும்புவது அழகைத்தான். அழகு கிடைத்ததும், தான் ஒரு காலத்தில் பருமனாக இருந்தவன் என்பதே அவன் நினைவிலிருந்து அகன்றுவிடுகிறது. ஏற்கெனவே அழகாக இருக்கும் பையனை வைத்து அந்தக் கதையைச் சொல்லவே முடியாது. நடிகரைத் தேர்ந்தெடுத்தபோதே பிற்பாதியின் வாசல் மூடப்பட்டுவிட்டது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

படம் நாவலை எப்படித் திருத்துகிறது என்பதை ஒரே காட்சியில் காண விரும்பினால் ஸ்பிங்ஸ் வாயிலைப் பாருங்கள். தென்திசைக் குறிசொல்லியை அடைய அத்ரேயு மூன்று வாயில்களைக் கடக்கவேண்டும். முதலாவதில் சிங்க உடலும் பெண் முகமும் கொண்ட இரண்டு ஸ்பிங்ஸ்கள் ஒன்றையொன்று நோக்கி அமர்ந்திருக்கின்றன. அவற்றின் பார்வையில் அகப்பட்டவன் உலகின் புதிர்கள் அனைத்தையும் விடுவிக்கும்வரை அசைய முடியாமல் உறைந்துபோவான். அவை சிலருக்கு மட்டும் கண்களை மூடி வழிவிடுகின்றன. யாருக்கு, ஏன்? நாவலில் வரும் குள்ள விஞ்ஞானி எங்கிவுக் தன் வாழ்நாளையே இந்த ஆராய்ச்சியில் கழித்திருக்கிறார். ஆனாலும் விடை கிடைக்கவில்லை. அறிஞனுக்கும் மூடனுக்கும், வீரனுக்கும் கோழைக்கும் இடையில் அந்த ஸ்பிங்ஸ்கள் எந்த வேறுபாடும் காட்டுவதில்லை. தகுதியால் திறக்காத கதவு ஒன்று உண்டு என்பதை ஒரு சிறுவர் நாவல் இவ்வளவு துணிவாகச் சொல்வது அரிது. படத்தில் அதே எங்கிவுக், தன் மதிப்பைத் தானே உணராதவன் கடக்க முயன்றால் மட்டுமே ஸ்பிங்ஸ்களின் கண்கள் திறக்கும் என்கிறார். புதிர் அங்கே தன்னம்பிக்கைப் பாடமாகச் சுருங்கிவிடுகிறது. காட்சி விறுவிறுப்பாக இருக்கிறது, கண்களிலிருந்து ஒளிக்கற்றைகள் பாய்கின்றன, அத்ரேயு ஓடித் தப்புகிறான். ஆனால் நாவல் கேட்ட கேள்வி காணாமல் போய்விட்டது.

இரண்டாம் வாயிலான கண்ணாடியைப் படம் வைத்துக்கொள்கிறது. மூன்றாவதான சாவியில்லா வாயிலை விட்டுவிடுகிறது. நுழைய வேண்டும் என்ற விருப்பம் எவ்வளவு வலுவாக இருக்கிறதோ அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்ளும் கதவு அது. கண்ணாடியைக் கடந்ததில் தான் யார், எதற்காக வந்தோம் என்பதையெல்லாம் மறந்துவிட்ட அத்ரேயுவுக்கு மட்டுமே அது திறக்கிறது. விருப்பம், மறதி, தன்னை இழத்தல் ஆகிய மூன்றும் பிற்பாதியில் பாஸ்டியனின் கதையாகவே விரியப்போகின்றன. அவற்றின் முதல் விதை இந்தக் கதவில் இருக்கிறது. பிற்பாதியே இல்லாத படத்துக்கு இந்த விதை தேவைப்படவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதைவிடப் பெரிய இழப்பு க்மோர்க் என்ற ஓநாய்ப் பாத்திரத்தில் நேர்கிறது. படத்தில் அவன் அத்ரேயுவைத் துரத்திவரும் கொலையாளி. மனிதர்கள் கனவுகளை மறந்து நம்பிக்கை இழப்பதால் 'இன்மை' பரவுகிறது என்றும், நம்பிக்கையற்றவர்களை ஆள்வது எளிது என்றும் கூறிவிட்டுப் பாய்ந்து, அத்ரேயுவின் கையிலிருக்கும் கல்முனையில் சாகிறான். நாவலில் அவன் சங்கிலியில் கட்டுண்டு பசியால் செத்துக்கொண்டிருப்பவன். அவனுக்கும் அத்ரேயுவுக்கும் நடப்பது ஓர் உரையாடல். 'இன்மை'க்குள் விழும் ஃபன்டாசியா உயிர்கள் அழிந்துவிடுவதில்லை என்கிறான் க்மோர்க். அவை மனித உலகுக்குப் போய்ச் சேர்கின்றன, ஆனால் தம் உருவில் சேர்வதில்லை. அங்கே அவை பொய்களாகவும் மருட்சிகளாகவும் மாறி மனிதர்களின் தலைக்குள் குடியேறுகின்றன. தேவையில்லாததை வாங்கவும், அறியாததை வெறுக்கவும், தம்மைப் பணியவைப்பதையே நம்பவும் அந்தப் பொய்கள்தான் மனிதர்களைத் தூண்டுகின்றன. கற்பனைக்கு மனிதன் மனமுவந்து போகலாம், போய்த் திரும்பினால் இரு உலகங்களும் நலம்பெறும். கற்பனை வலுக்கட்டாயமாக இங்கே இழுத்துவரப்பட்டால் அது பொய்யாகிவிடும் என்பது எண்டே தன் உலகத்துக்கு வகுத்த அடிப்படை விதி. ஹிட்லரின் ஆட்சியில் வளர்ந்தவர் அவர். ஓவியரான அவருடைய தந்தை எட்கர் எண்டேவுக்கு அந்த ஆட்சி ஓவியக் கண்காட்சி நடத்தத் தடைவிதித்திருந்தது. பொய்களால் ஒரு நாட்டையே இயக்கலாம் என்று எழுதும்போது அவர் கற்பனையில் இருந்து மட்டும் எழுதியிருக்க முடியாது. இந்த உரையாடலுக்குப் பின் நாவல் செய்வதும் வியப்பானது. செத்த ஓநாயின் தாடைகள் அத்ரேயுவின் காலைக் கவ்விப் பிடித்துக்கொள்கின்றன. 'இன்மை' அவனை உள்ளே இழுத்துவிடாமல் காப்பாற்றுவது எதிரியின் அந்தப் பிடிதான். படத்தின் சண்டைக் காட்சியைவிட இது எத்தனையோ மடங்கு திரைக்கு ஏற்றது என்பதால், இதை ஏன் கைவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு படத்தின் பக்கத்தையும் சொல்லவேண்டும். துயரச் சதுப்பில் அத்ரேயுவின் குதிரை மூழ்கும் காட்சி, நாவலைவிடப் படத்தில் கூடுதலாக நெஞ்சை அறுக்கிறது. நாவலின் குதிரை பேசும். தன்னை விட்டுப் போகும்படி அத்ரேயுவிடம் அதுவே கேட்டுக்கொள்கிறது. படத்தின் குதிரைக்குப் பேச்சில்லை. சிறுவனின் கெஞ்சலும் சேறும் மட்டுமே இருக்கின்றன. அதேபோல், தன் வலிய கைகளால் நண்பர்களைப் பிடித்துக்கொள்ள முடியாமல் 'இன்மை'யிடம் பறிகொடுத்த பாறைதின்னி என்ற பூதம் தன் கைகளையே வெறித்துப் பார்த்தபடி பேசும் காட்சி, திரைக்கதை ஆசிரியர்கள் சேர்த்த ஒன்று. படத்தின் மிகச் சிறந்த நிமிடங்கள் அவை என்று தயக்கமின்றிச் சொல்வேன். தழுவல் என்பது மூலத்துக்கு எப்போதும் கடன்பட்டே நிற்கவேண்டியதில்லை என்பதற்கு இந்த இரு காட்சிகளும் சான்று. 'இன்மை'யைப் புயலாகக் காட்டியதையும் நான் குறையாகக் கருதவில்லை. நாவலில் அதைப் பார்ப்பவர்களுக்குத் தங்கள் கண்ணே குருடாகிவிட்டதைப் போல் தோன்றும். எதையும் காட்டாமல் அதைக் காட்டுவதற்குத் திரையில் வழியில்லை.

அலையும் மலையின் முதியவரைப் படம் விட்டுவிட்டதில் எனக்கு இருமனம் உண்டு. பெயர் சூட்டத் தயங்கும் பாஸ்டியனைக் கட்டாயப்படுத்த, குழந்தைப் பேரரசி அந்த முதியவரிடம் போகிறாள். நடப்பதையெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கும் அவர், அவள் கேட்டுக்கொண்டபடி, எழுதியதை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்குகிறார். பாஸ்டியன் புத்தகக் கடைக்குள் நுழைந்த காட்சி மீண்டும் வருகிறது, கதை அவர்கள் வாசிக்கும் இடம்வரை வந்து மறுபடியும் தொடக்கத்துக்கே திரும்புகிறது. அவன் பெயரைக் கூவினால் ஒழிய அந்தச் சுழல் நிற்காது. நாவலின் தலைப்புக்கு உயிர் கொடுக்கும் இடம் அது. படம் இதற்குப் பதிலாகப் பேரரசியையே நேராகப் பேசவைக்கிறது: அத்ரேயுவின் பயணத்தில் பாஸ்டியன் பங்கெடுத்ததைப் போலவே பாஸ்டியனின் பயணத்தில் வேறு சிலர் பங்கெடுத்து வருகிறார்கள் என்கிறாள் அவள். அந்த ஒரே வசனத்தில் திரையரங்கில் இருப்பவரும் கதைக்குள் இழுக்கப்பட்டுவிடுகிறார். ஓர் அத்தியாயத்தின் வேலையை ஒரு வாக்கியம் செய்கிறது. இழப்பு இருந்தாலும் இது திறமையான மாற்றுதான்.

இனி முடிவுக்கு வருகிறேன். பாஸ்டியன் பேரரசிக்குப் பெயர் சூட்டுவது நாவலின் பன்னிரண்டாம் அத்தியாயத்தின் இறுதியில். அதற்குப் பின் பதினான்கு அத்தியாயங்கள் இருக்கின்றன. அவற்றில் நடப்பது வெற்றிக் கதை என்று முதல் முறை படிப்பவர் நினைப்பார். பாஸ்டியனுக்கு ஆரின் என்ற பதக்கம் கிடைக்கிறது. 'நீ விரும்புவதைச் செய்' என்று அதன் பின்புறம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவன் விரும்புவதெல்லாம் நடக்கிறது. அழகு வேண்டும் என்கிறான், வலிமை வேண்டும் என்கிறான், வீரன் என்றும் அறிஞன் என்றும் பிறர் போற்ற வேண்டும் என்கிறான். நிறைவேறும் ஒவ்வொரு விருப்பத்துக்கும் தன் பழைய வாழ்க்கையின் ஒரு நினைவை அவன் விலையாகக் கொடுக்கிறான்; கொடுப்பதை அவன் அறிவதே இல்லை, ஏனெனில் போன நினைவு போனது என்பதும் நினைவில் இருப்பதில்லை. சாயிடே என்ற சூனியக்காரியின் முகஸ்துதியில் மயங்கித் தன்னையே பேரரசனாக முடிசூட்டிக்கொள்ளப் பார்க்கிறான்; தடுக்க வந்த அத்ரேயுவை வாளால் மார்பில் காயப்படுத்துகிறான். முதற்பாதி முழுவதும் நாம் யாரோடு சேர்ந்து பயணித்தோமோ அவனையே, யாருடைய கண்ணால் படித்தோமோ அவன் வெட்டுகிறான். இதைப் போன்ற ஒரு திருப்பத்தைச் சிறுவர் இலக்கியத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதற்குப் பிறகு அவன் சென்று சேரும் முன்னாள் பேரரசர்களின் நகரம் நாவலின் மிகக் கொடூரமான இடம். ஃபன்டாசியாவுக்கு வந்து, விருப்பங்களில் மூழ்கி, எல்லா நினைவுகளையும் இழந்து, திரும்ப வழியற்றுப்போன மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். கதை சொல்லும் ஆற்றலை இழந்துவிட்ட அவர்களுக்கு ஒரு குரங்கு எழுத்துக்கள் பொறித்த பகடைகளைக் கொடுத்து உருட்டவைக்கிறது. முடிவில்லாத காலம் உருட்டிக்கொண்டிருந்தால் எல்லாக் கதைகளும் தற்செயலாக அமைந்துவிடும் அல்லவா என்கிறது. அங்கிருந்து மீளும் பாஸ்டியன் தன் பெயர் உட்பட எஞ்சிய எல்லாவற்றையும் இழக்கிறான். மறந்துபோன கனவுகள் படிவங்களாக உறைந்து கிடக்கும் சுரங்கத்தைத் தோண்டி, பனிக்கட்டிக்குள் அடைபட்ட ஒரு மனிதரின் படத்தைக் கண்டெடுக்கிறான். அது தன் தந்தை என்பதுகூட அவனுக்குத் தெரிவதில்லை, அந்த மனிதருக்காக ஓர் ஏக்கம் மட்டும் எழுகிறது. வீடு திரும்பும் வழியான வாழ்வின் நீர் அவனிடம் பெயர் கேட்கும்போது அவனுக்காக விடை சொல்பவன் அவன் வெட்டிய அத்ரேயு. தொடங்கிய கதைகளையெல்லாம் முடித்துவிட்டாயா என்று கேட்கப்படும்போது, தான் முடித்துவைப்பதாகப் பொறுப்பேற்பவனும் அவனே.

இந்தப் பதினான்கு அத்தியாயங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு படத்தின் கடைசி நிமிடங்களைப் பாருங்கள். பேரரசி ஒரு மணல் துகளைக் கொடுத்து விரும்பியதையெல்லாம் கேட்கச் சொல்கிறாள். பாஸ்டியன் ஃபால்கோரின் முதுகில் ஏறிப் பறக்கிறான். அடுத்து, தன்னைத் துன்புறுத்திய மூன்று பையன்களையும் அந்த நாகத்தைக் கொண்டு தன் நகரத்தின் தெருக்களில் துரத்திக் குப்பைத் தொட்டிக்குள் விழவைக்கிறான். பார்வையாளர் கைதட்டுகிறார். நாவலின் கணக்குப்படி இதில் இரண்டு விதிமீறல்கள் இருக்கின்றன. ஃபன்டாசியாவின் உயிர் ஒன்று மனித உலகத்துக்குள் தன் உருவிலேயே இழுத்துவரப்படுகிறது. க்மோர்க் சொன்ன கணக்கில் நகரத்தின் மேல் பறக்கும் அந்த ஃபால்கோர் ஒரு பொய். மேலும், நாவலில் எந்த விருப்பங்களால் பாஸ்டியன் தன்னை இழக்கிறானோ அவற்றில் ஒன்றான, பிறரைவிட வலியவனாக வேண்டும் என்ற அந்த விருப்பமே படத்தில் பரிசாகிவிடுகிறது. நாவலின் பாஸ்டியன் வீடு திரும்பியதும் செய்பவை வேறு: தந்தையிடம் நடந்ததையெல்லாம் சொல்கிறான், பிறகு தானாகவே புத்தகக் கடைக்காரரிடம் போய்த் திருட்டை ஒப்புக்கொள்கிறான். பழிவாங்கும் எண்ணமே அவனிடம் இல்லை.

படத்தின் கடைசி வாக்கியம் இன்னும் வேடிக்கையானது. பாஸ்டியன் மேலும் பல விருப்பங்களைக் கேட்டான், பல சாகசங்களைச் செய்தான், பிறகு சாதாரண உலகத்துக்குத் திரும்பினான், ஆனால் அது வேறொரு கதை என்று முடிக்கிறது பின்னணிக் குரல். அது வேறொரு கதை, வேறொரு சமயம் சொல்லப்படவேண்டும் என்பது நாவலில் துணைப் பாத்திரங்கள் விடைபெறும் இடங்களில் திரும்பத் திரும்ப வரும் வரி. எந்தக் கதைக்கும் முடிவில்லை என்பதை அது உணர்த்துகிறது. அதே வரியைக் கொண்டு நாவலின் பெரும்பகுதியைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளியிருக்கிறார்கள்.

சுமார் 100 நிமிடப் படத்தில் 26 அத்தியாயங்களை எப்படி அடக்குவது என்று நீங்கள் கேட்கலாம், அடக்க முடியாதுதான். பெயர் சூட்டும் இடத்தோடு, இருளில் ஒரு மணல் துகள் ஒளிரும் அந்தக் காட்சியோடு படத்தை நிறுத்தியிருந்தால் என்னிடம் எந்தப் புகாரும் இருந்திருக்காது. டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற மோதிரக் கதையைப் படமாக்கிய பீட்டர் ஜாக்சன், வீரர்கள் ஊர் திரும்பி அங்கே புகுந்துவிட்ட தீமையை எதிர்கொள்ளும் முக்கியமான அத்தியாயத்தையே விட்டுவிட்டார். ஆனால் காயம் ஆறாமல் கடல் கடந்து செல்லும் நாயகன் ஃப்ரோடோவை வைத்துக்கொண்டதால், வெற்றிக்கும் விலை உண்டு என்ற நாவலின் உணர்வு படத்திலும் தங்கியது. எவ்வளவு வெட்டப்பட்டது என்பதைவிட, எஞ்சியது எதன் பக்கம் நிற்கிறது என்பதையே நான் பார்க்கிறேன். 1990இல் வந்த இரண்டாம் படம் பிற்பாதியின் கூறுகளை எடுத்துக்கொண்டதே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. அங்கே விருப்பத்துக்கு நினைவை விலையாகப் பறிப்பது சாயிடேயின் ஓர் இயந்திரம். விரும்புவதிலேயே அடங்கியிருந்த ஆபத்தை வில்லியின் சூழ்ச்சியாக மாற்றிவிட்டால், அந்த வில்லியைத் தோற்கடித்ததும் சிக்கலும் தீர்ந்துபோகிறது.

எண்டேவைத் திரைப்படத்தையே வெறுத்தவர் என்று எண்ணிவிடவும் கூடாது. அவருடைய 'மோமோ' நாவல் 1986இல் படமானபோது அவரே அதில் ஒரு சிறு வேடத்தில் தோன்றினார். பஞ்சு, பிளாஸ்டிக் என்று அவர் கேலி செய்ததில் மட்டும் நான் அவரோடு உடன்படவில்லை. கணினி வரைகலை பரவுவதற்கு முந்தைய காலத்தின் கைவேலை அது. மோர்லா என்ற கிழட்டு ஆமை சேற்றிலிருந்து தலையைத் தூக்கும்போது அதன் எடையை நம்மால் உணர முடிகிறது. அவருடைய கோபத்தின் வலுவான பகுதி கதையைப் பற்றியது, பொம்மைகளைப் பற்றியது அல்ல.

எனவே படத்தை மீண்டும் பார்க்கத் தயங்காதீர்கள். முடிந்தால் ஜெர்மன் பதிப்பைத் தேடிப் பாருங்கள். அது அமெரிக்கப் பதிப்பைவிடச் சில நிமிடங்கள் நீளமானது. பிரபலமான அந்தத் தலைப்புப் பாடலும் ஜார்ஜியோ மொரோடரின் மின்னிசையும் அதில் இல்லை. கிளவுஸ் டோல்டிங்கரின் வாத்தியக் குழு இசை மட்டுமே ஒலிப்பதால் படத்தின் தொனி ஒரு படி அடக்கமாகிவிடுகிறது. 2024இல் இந்த நாவலைப் புதிய திரைப்படத் தொடராக எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அதில் நாகம் எப்படியிருக்கும் என்று பலரும் ஆவலாக இருப்பார்கள். பாஸ்டியன் அத்ரேயுவின் மீது வாளை ஓங்கும் இடத்தைத் தயாரிப்பாளர்கள் வைத்துக்கொள்வார்களா என்பதுதான் என் ஆவல்.